"விழுந்துருச்சு மாப்ள": கிட்னி கல் சாட்சியங்கள் மேல் ஒரு விமர்சனம்

என் தாய்மாமாவின் இடது கிட்னி இப்போது 9 சதவீதம்தான் வேலை செய்கிறது. காரணம் ஒரு 7 மி.மீ. கல். அந்தக் கல் எப்போதோ விழுந்துவிட்டது என்று ரெண்டு வருஷம் அவர் நம்பிக்கொண்டிருந்தார். நானும் நம்பினேன். நம்பியதோடு விடாமல், அவர் குடித்ததையே ஒரு நண்பனுக்கும் மருந்தாகச் சொன்னேன். அதனால் இந்தப் பதிவு பாதி என்னை நானே திட்டிக்கொள்வதுதான்.

மாமா நாமக்கல் பக்கம். இருபத்தைந்து வருஷம் லாரி ஓட்டியவர். ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்துவிட்டால் தண்ணீர் குடிக்க மாட்டார். குடித்தால் அடிக்கடி வண்டியை ஓரம் கட்ட வேண்டும், அவ்வளவுதான் காரணம். ஒரு சித்திரை மாச ராத்திரி, இடது விலாவுக்குக் கீழே வலி ஆரம்பித்து அடிவயிறு வரைக்கும் இறங்கியது. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. வாந்தி வேறு. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மறுநாள் வயிற்று ஸ்கேன் எடுத்தார்கள். இடது சிறுநீர்க்குழாயின் மேல்பகுதியில் 7 மி.மீ. கல், கிட்னி லேசாக வீங்கியிருக்கிறது என்று ரிப்போர்ட். மாத்திரை எழுதிக்கொடுத்து, ரெண்டு வாரம் கழித்து வந்து திரும்ப ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள்.

அத்தை அன்றைக்கே வாழைத்தண்டுச் சாறு ஆரம்பித்துவிட்டார். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர். நாலாம் நாள் வலி நின்றது. அஞ்சாம் நாள் நான் போன் பண்ணினேன்.

"விழுந்துருச்சு மாப்ள. நாலு டம்ளருக்கே போயிருச்சு."

"கல்லைப் பாத்தீங்களா மாமா?"

"பாக்கறதுக்கு என்ன இருக்குது? அதான் வலியே இல்லையே."

ரெண்டாவது ஸ்கேனுக்கு அவர் போகவில்லை. அதற்கப்புறம் டீக்கடை, லாரி ஷெட், கல்யாண வீடு என்று எங்கே கல் பேச்சு வந்தாலும் மாமாதான் சாட்சி. நம்ம ஊரில் கல்லுக்கான மருந்து பரவுவது இப்படித்தான்: "எனக்கு விழுந்துச்சு, நீயும் குடி." இந்தப் பதிவில் நான் விமர்சிக்க எடுத்துக்கொண்டிருப்பது வாழைத்தண்டை இல்லை, இந்தச் சாட்சியத்தை. கடந்த சில மாதங்களாக இதைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். வாசிக்க வாசிக்க ஒன்று தெரிந்தது. இந்தத் தப்பு மாமா ஒருத்தர் செய்த தப்பு இல்லை. ஒரு பாராளுமன்றமே செய்திருக்கிறது. நவீன மருத்துவமும் பத்து வருஷத்துக்குக் கிட்ட செய்திருக்கிறது.

லண்டன், 1739: சோப்பும் நத்தை ஓடும்

முதலில் பாராளுமன்றக் கதை. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சிறுநீர்ப்பைக் கல் சர்வ சாதாரணம். மயக்க மருந்து கிடையாது. ஆளைக் கட்டிப்போட்டு, நாலு பேர் பிடித்துக்கொள்ள, கத்தியால் கீறிக் கல்லை எடுப்பார்கள். வில்லியம் செசல்டன் என்ற அறுவை மருத்துவருக்குப் புகழ் வந்ததே ஒரு நிமிஷத்தில் முடித்துவிடுவார் என்பதால்தான். அப்படிப்பட்ட காலத்தில் கத்தி இல்லாமல் கல்லைக் கரைக்கிறேன் என்று யாராவது சொன்னால் கூட்டம் கூடாதா?

ஜோவன்னா ஸ்டீபன்ஸ் என்ற பெண்மணி சொன்னார். பெரிய மனிதர்கள் பலர் அவரிடம் மருந்து வாங்கிச் சாப்பிட்டு, குணமானது என்றார்கள். மருந்தின் ரகசியத்தை வெளியிட 5,000 பவுண்டு வேண்டும் என்று கேட்டார் ஸ்டீபன்ஸ். 1738ல் பொதுமக்களிடம் சந்தா வசூலித்துப் பார்த்தார்கள், அவ்வளவு சேரவில்லை. 1739ல் பாராளுமன்றமே சட்டம் போட்டு அந்தப் பணத்தை ஒதுக்கியது. அந்த வருஷம் ஜூன் மாதம் 'லண்டன் கெசட்'டில் செய்முறை வெளியானது. சுட்ட முட்டை ஓடு, சுட்ட நத்தை, சோப்பு, தேன், சோம்புச் செடி மாதிரி சில மூலிகைகள், காட்டு கேரட் விதை. பொடி, கஷாயம், மாத்திரை என்று மூன்று வடிவம்.

இங்கே சிரித்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. அவர்கள் நம்மைவிட ஒழுங்காகவே சோதித்தார்கள். கான்டர்பரி ஆர்ச்பிஷப்பிலிருந்து ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற நல்ல விஞ்ஞானி வரைக்கும் இருந்த ஒரு குழுவை நியமித்தார்கள். செசல்டனும் அதில் உண்டு. நாலு நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். மருந்துக்கு முன்னால் ஒவ்வொருவருக்கும் சிறுநீர்த் துவாரம் வழியாக உலோகக் கம்பியை விட்டு, அது கல்லில் இடிக்கிறதா என்று பார்த்தார்கள். இடித்தது. மருந்துக்குப் பிறகு மறுபடி பார்த்தார்கள். இடிக்கவில்லை. 1740ல் சான்றிதழ் கொடுத்தார்கள். ஸ்டீபன்ஸுக்கு 5,000 பவுண்டு போய்ச் சேர்ந்தது.

மருந்துக்கு முன், மருந்துக்குப் பின் என்று ரெண்டு அளவீடு. கேட்கக் கச்சிதமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் மருந்தே சாப்பிடாத நாலு பேரை யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. சின்னக் கல் தானாகவே சிறுநீரோடு போகலாம். சிறுநீர்ப்பைச் சுவரில் ஒரு மடிப்புக்குள் கல் ஒளிந்திருந்தால் கம்பி இடிக்காது. வலியும் சில மாசம் கூடும், சில மாசம் குறையும். குறைந்த மாசத்தில் என்ன சாப்பிட்டோமோ அதற்குப் பெயர் போய்விடும்.

டேவிட் ஹார்ட்லி என்ற தத்துவவாதி இந்த மருந்துக்காகவே உழைத்தவர். 1739ல் 155 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்துப் புத்தகம் போட்டார். இன்றைக்கு யூடியூப் வீடியோவுக்குக் கீழே வருகிற கமெண்டுகளின் அந்தக் காலத்து வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் கல் உண்டு. மருந்தைக் கிலோ கணக்கில் சாப்பிட்டார். 1757ல் கல் நோயோடுதான் இறந்தார்.

இந்தக் கதையில் ஒரு திருப்பமும் இருக்கிறது. சோப்பும் சுட்ட முட்டை ஓடும் காரப் பொருட்கள். சிறுநீரின் அமிலத்தைக் குறைக்கக்கூடியவை. கல்லில் ஒரு வகை, யூரிக் அமிலக் கல், சிறுநீர் காரத்தன்மைக்கு வந்தால் நிஜமாகவே கரையும். ஷீலே என்ற வேதியியலாளர் சிறுநீர்ப்பைக் கல்லிலிருந்து யூரிக் அமிலத்தைக் கண்டுபிடித்ததே 1776ல்தான். ஆக, அந்த மருந்து யாரோ சிலருக்கு உண்மையாகவே வேலை செய்திருக்கலாம். யாருக்கு, எந்தக் கல்லுக்கு என்று பிரித்துச் சொல்ல அந்த 155 சாட்சியங்களால் முடியவில்லை. சாட்சியத்தில் இருக்கும் குறையே இதுதான். உண்மையும் பொய்யும் அதில் ஒரே குரலில் பேசும்.

எந்த மருந்தும் ஜெயிக்கிற நோய்

இப்போது கிட்னியிலிருந்து சிறுநீர்க்குழாய்க்குள் இறங்கும் கல்லுக்கு வருவோம். மாமாவுக்கு வந்தது இதுதான். இங்கே மருந்து சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ஜெயித்த மாதிரி தோன்ற மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம், கல் தானாகவே விழும். 2002ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் 172 நோயாளிகளின் சி.டி. ஸ்கேன்களைப் பார்த்து, கல்லின் அளவுப்படி எத்தனை தானாக வெளியேறின என்று கணக்கெடுத்தார்கள். 1 மி.மீ. கல்லில் 87 சதவீதம். 2 முதல் 4 மி.மீ. வரை 76 சதவீதம். 5 முதல் 7 மி.மீ. வரை 60 சதவீதம். 9 மி.மீ.க்கு மேல் போனால் 25 சதவீதம்தான். குழாயின் கீழ்ப்பகுதியில் இருக்கும் கல் இன்னும் சுலபமாக விழும், மேல்பகுதியில் இருப்பது கஷ்டம்.

இதை ஊர்க் கணக்காக மாற்றிப் பாருங்கள். 4 மி.மீ. கல் உள்ள நூறு பேருக்கு நான் தினமும் ஒரு கடலைமிட்டாய் கொடுக்கிறேன். 76 பேருக்குக் கல் விழும். கடலைமிட்டாய் வைத்தியத்துக்கு 76 சாட்சி! மீதி 24 பேர் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார்கள். அவர்கள் யாரும் "கடலைமிட்டாய் சாப்பிட்டேன், விழவில்லை" என்று வீடியோ போடுவதில்லை.

இரண்டாவது காரணம் ஸ்கேன். நம்ம ஊரில் முதலில் எடுப்பது அல்ட்ராசவுண்ட். நல்ல கருவிதான். கதிர்வீச்சு கிடையாது, செலவும் குறைவு. 2014ல் அமெரிக்காவில் 15 அவசரப் பிரிவுகளில் 2,759 பேரை வைத்துப் பார்த்தார்கள். முதலில் அல்ட்ராசவுண்ட் எடுப்பதால் ஆபத்தான நோய் எதுவும் கூடுதலாகத் தவறிப்போகவில்லை என்று தெரிந்தது. கிட்னி வீங்கியிருக்கிறதா என்பதையும் அது நன்றாகக் காட்டும். ஆனால் சிறுநீர்க்குழாயின் நடுப்பகுதியில் இருக்கும் கல்லைக் குடல் வாயு மறைத்துவிடும். சின்னக் கல்லின் அளவைக் கொஞ்சம் கூட்டியே காட்டும். கிட்னிக்குள் 3 மி.மீ. என்று எழுதப்படும் வெள்ளைப் புள்ளி சில சமயம் கல்லே இல்லை, ரத்தக்குழாய்ச் சுவராகக்கூட இருக்கும். முதல் ஸ்கேனில் 3 மி.மீ. கல், ஒரு மாசம் கஷாயம், ரெண்டாவது ஸ்கேனில் கல் இல்லை. இதில் கரைந்தது கல்லா, முதல் ரிப்போர்ட்டா? வீடியோக்களில் ரெண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும்போது இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. 1739ல் இடிக்காமல் போன கம்பியும் இந்த ரெண்டாவது ரிப்போர்ட்டும் ஒரே சாதி.

மூன்றாவது காரணம்தான் மாமாவைச் சாய்த்தது. வலி. கல் நகர்ந்து உரசுவதால் வலிக்கிறது என்று நாம் நினைக்கிறோம். பெரும்பங்கு வலி, அடைப்புக்கு மேலே சிறுநீர் தேங்கி, கிட்னிக்குள் அழுத்தம் திடீரென்று ஏறுவதால் வருவது. அப்போது உடம்பு புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. அது கிட்னிக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது. சிறுநீர் இன்னும் அதிகமாகச் சுரந்து அழுத்தம் மேலும் ஏறுகிறது. டைக்ளோபினாக் ஊசி இந்த வலியைச் சட்டென்று குறைப்பது இந்தச் சுரப்பைத் தடுப்பதால்தான்.

அடைப்பு நீடித்தால் என்ன ஆகும்? கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கிட்னிக்குப் போகும் ரத்தம் குறைகிறது. சிறுநீர் சுரப்பதும் குறைகிறது. அழுத்தம் இறங்குகிறது. வலியும் இறங்குகிறது. கல் இருந்த இடத்திலேயே இருக்கும். கிட்னி மட்டும் மெதுவாகத் தன் வேலையை நிறுத்திக்கொண்டிருக்கும். மாமாவின் நாலாம் நாள் நிம்மதிக்கு ரெண்டு அர்த்தம் இருந்தது. ஒன்று, கல் விழுந்துவிட்டது. இன்னொன்று, கிட்னி தோற்றுக்கொண்டிருக்கிறது. உள்ளே இருப்பவருக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

வாழைத்தண்டுக்கும் நியாயம் செய்ய வேண்டும்

வாழைத்தண்டைப் பற்றி ஆராய்ச்சியே இல்லை என்று சொல்வது தப்பு. 1990களில் சென்னையிலேயே எலிகளில் ஆய்வு செய்து வெளியிட்டிருக்கிறார்கள். சிறுநீரில் ஆக்சலேட் அதிகமாகும்படி செய்த எலிகளுக்கு வாழைத்தண்டுச் சாறு கொடுத்தபோது ஆக்சலேட் குறைந்தது. பெரும்பாலான கிட்னி கற்கள் கால்சியம் ஆக்சலேட் என்பதால் இது கவனிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்த ஆய்வு எதைச் சொல்கிறது? எலியின் சிறுநீரில் கல் உண்டாக்கும் சரக்கு குறைகிறது என்று. லாரி ஓட்டும் ஒரு மனிதனின் குழாயில் ஏற்கெனவே சிக்கிக்கொண்ட 7 மி.மீ. கல்லைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. கால்சியம் ஆக்சலேட் கல்லைக் கரைக்கும் மருந்து இன்றுவரை எந்த வைத்தியத்திலும் நிரூபிக்கப்படவில்லை. பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிறோமே சிறுபீளை, அப்புறம் நெருஞ்சில், பார்லி எல்லாவற்றுக்கும் இந்தக் கேள்வியே பொருந்தும்: கல் வராமல் தடுக்கிறதா, இருக்கும் கல்லை வெளியே தள்ளுகிறதா, கரைக்கிறதா? மூன்றும் வேறு வேறு வேலை.

தண்ணீருக்கும் இதே பிரிப்பு உண்டு. 1996ல் இத்தாலியில் வெளியான ஆய்வில், முதல் தடவை கல் வந்த 199 பேரை அஞ்சு வருஷம் கவனித்தார்கள். தினமும் 2 லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான் கல் திரும்ப வந்தது. மற்றவர்களில் 27 சதவீதம். கல் வராமல் தடுக்கத் தண்ணீர் அருமையான மருந்து. ஆனால் வலி வந்த ராத்திரியில் நாலு லிட்டர் குடித்து, அல்லது பீர் குடித்து, கல்லைத் தள்ளிவிடலாம் என்பதற்குச் சான்று இல்லை. அடைப்பட்ட குழாய்க்கு மேலே தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று நம்ம வீட்டு சிங்க்கைப் பார்த்தாலே தெரியும்.

டாக்டர்கள் குடித்த வாழைத்தண்டு

இதுவரை படித்துவிட்டு "ஆங்கில மருத்துவம்தான் சரின்னு சொல்ல வர்றான்" என்று நினைக்கிறவர்கள் இந்தப் பகுதியை அவசியம் வாசிக்க வேண்டும்.

டாம்சுலோசின் என்று ஒரு மாத்திரை. வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுப்பது. அது சிறுநீர்க்குழாயின் கீழ்ப்பகுதித் தசையையும் தளர்த்தும், அதனால் கல் சுலபமாக விழும் என்று ஒரு யோசனை வந்தது. 2006ல் 'லான்செட்' இதழில் 9 ஆய்வுகளை, மொத்தம் 693 நோயாளிகளை, ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். இந்த வகை மருந்துகள் சாப்பிட்டவர்களுக்குக் கல் விழும் வாய்ப்பு 65 சதவீதம் அதிகம் என்று வந்தது. உலகம் முழுக்க எழுத ஆரம்பித்தார்கள். நம்ம ஊர் மருந்துச் சீட்டுகளிலும் வந்தது. மாமாவின் சீட்டிலும் இருந்தது. ஆனால் அந்த ஒன்பதும் சின்னச் சின்ன ஆய்வுகள். பலவற்றில் யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

2015ல் பிரிட்டனில் 24 மருத்துவமனைகளில் 1,167 பேரை வைத்துப் பெரிய ஆய்வு வந்தது. ஒரு பிரிவுக்கு டாம்சுலோசின், இன்னொரு பிரிவுக்கு நிஃபெடிபின், மூன்றாவது பிரிவுக்கு வெறும் டம்மி மாத்திரை. எது யாருக்கு என்று டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. நாலு வாரத்தில் வேறு சிகிச்சை தேவைப்படாதவர்கள் டாம்சுலோசினில் 81 சதவீதம், நிஃபெடிபினில் 80 சதவீதம், டம்மி மாத்திரையில் 80 சதவீதம். எந்த மாத்திரை சாப்பிட்டாலும் ஒன்றுதான்!

இதைப் படித்தபோது முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பாருங்கள், மருத்துவம் தன் தப்பைத் தானே பிடித்துவிட்டது என்று. அப்புறம் அந்த ஆய்வின் அளவுகோலைத் திரும்பப் படித்தேன். "நாலு வாரத்தில் வேறு சிகிச்சை தேவைப்படவில்லை" என்பதைத்தான் கல் விழுந்ததாக எண்ணியிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஸ்கேன் எடுத்துக் கல் போய்விட்டதா என்று பார்த்து எண்ணிய கணக்கு இல்லை அது. எங்க மாமா நாலு வாரம் வலி இல்லாமல் வண்டி ஓட்டினார். அந்த ஆய்வில் இருந்திருந்தால் அவரும் அந்த 80 சதவீதத்துக்குள் விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். "வலியே இல்லையே" என்ற மாமாவின் வாக்கியம் கோட்டு சூட்டுப் போட்டு லான்செட்டுக்குள் உட்கார்ந்திருந்தது.

இந்தக் குறையைத் துறைக்குள்ளேயே பேசினார்கள். அப்புறம் வந்த ஆய்வுகளில் அளவுகோல் மாறியது. 2016ல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் 28ஆம் நாள் சி.டி. எடுத்துப் பார்த்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் டாம்சுலோசினுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 5 முதல் 10 மி.மீ. வரையான கற்களை மட்டும் பிரித்தால் மருந்துப் பிரிவில் 83 சதவீதம் விழுந்தது, டம்மி பிரிவில் 61. 2018ல் 512 பேரை வைத்துச் செய்த அமெரிக்க ஆய்வில், கல்லைக் கண்ணால் பார்த்தால் அல்லது பிடித்தால்தான் கணக்கு என்றார்கள். மருந்தில் 50 சதவீதம், டம்மியில் 47. அதே 2018ல் சீனாவில் 3,296 பேர். குழாயின் கீழ்ப்பகுதியில் 4 முதல் 7 மி.மீ. கல். மருந்தில் 86 சதவீதம், டம்மியில் 79. அதாவது பதினாலு பேர் மாத்திரை சாப்பிட்டால் ஒருத்தருக்குக் கூடுதல் பலன், அதுவும் 5 மி.மீ.க்கு மேல்.

ஒரே நோய், கிட்டத்தட்ட ஒரே மாத்திரை. "வேறு சிகிச்சை வேண்டியதில்லை" என்று எண்ணினால் 80 சதவீதம். "கண்ணால் பார்த்தேன்" என்று எண்ணினால் 50. எதை எண்ணுகிறோம் என்பதே பதிலைப் பாதி எழுதிவிடுகிறது. கல் விழும்போது பலருக்குத் தெரிவதே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பார்க்கவில்லை என்பதாலேயே விழவில்லை என்றும் ஆகாது. அதனால்தான் கடைசித் தீர்ப்பை ஸ்கேனிடம் விட வேண்டியிருக்கிறது.

டாக்டர்களுக்கும் மாமாவுக்கும் என்ன வித்தியாசம் என்றால், அவர்கள் பக்கத்தில் டம்மி மாத்திரை இருந்தது. ஒன்பது வருஷம் கழித்தாவது கேள்வி கேட்க ஒரு வழி இருந்தது. டீக்கடைச் சாட்சியத்துக்கு அந்த வழி கிடையாது.

மாமாவின் இரண்டாவது ஸ்கேன்

ரெண்டு வருஷம் கழித்து ஹெர்னியா ஆபரேஷனுக்காக மாமாவுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். இடது கிட்னி பெரிதாக வீங்கி, சதைப்பகுதி மெலிந்து, தண்ணீர் நிறைந்த பலூன் மாதிரி இருந்தது. சி.டி. எடுத்தால், கல் அதே இடத்தில். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் நார்மல். வலது கிட்னி ரெண்டு பேர் வேலையையும் பார்த்துக்கொண்டிருந்ததால் ரத்தத்தில் எதுவும் தெரியவில்லை. எந்தக் கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று தனியாகக் காட்டும் டி.டி.பி.ஏ. ஸ்கேன் எடுத்தபோதுதான் அந்த 9 வந்தது.

முதல் மாசமே போயிருந்தால் என்ன செய்திருப்பார்கள்? ஒன்று, ஷாக்வேவ். 1980 பிப்ரவரியில் ம்யூனிக்கில் முதல் நோயாளிக்குச் செய்தது. விமானம் கட்டும் டோர்னியர் கம்பெனியோடு சேர்ந்து உண்டாக்கிய கருவி. உடம்பைக் கீறாமல் வெளியிலிருந்து அதிர்வலை அனுப்பிக் கல்லை உடைக்கும். இல்லையென்றால், சிறுநீர்த் துவாரம் வழியாக மெல்லிய கருவியை விட்டு லேசரால் பொடியாக்குவது. 1739ல் லண்டனில் பாதி ஊர் எதற்கு ஏங்கியதோ, அது நாமக்கல்லிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருந்தது. அடைப்பு தொடர்ந்தால் நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்பது பொதுவான வரையறை. நாங்கள் நூறு வாரம் காத்திருந்தோம்.

மாமா ஏன் போகவில்லை என்று கேட்டால், "போனா ஆபரேஷன்னுதான் சொல்லுவாங்க" என்பார். இந்தப் பயத்தை நான் முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். விழக்கூடிய 4 மி.மீ. கல்லுக்கே உடனே அட்மிட் ஆகச் சொன்ன கதைகள் எனக்கும் தெரியும். ஆனால் மேலே கொடுத்த எண்கள் ரெண்டு பக்கமும் வெட்டும். காய்ச்சல் இல்லை, வலி அடங்குகிறது, 4 மி.மீ. கல் என்றால், "76 சதவீதம் தானாக விழுமாமே, காத்திருக்கலாமா டாக்டர்?" என்று தைரியமாகக் கேட்கலாம். காத்திருப்பது தப்பே இல்லை. தேதி குறிக்காமல் காத்திருப்பதுதான் தப்பு.

அடுத்த தடவை யாராவது "விழுந்துச்சு" என்றால்

இப்போது நான் கேட்கும் கேள்விகள் இவை.

விழுந்ததற்குப் பிறகு ஸ்கேன் எடுத்தீர்களா? கிட்னி வீக்கம் வடிந்திருக்கிறதா? முதலில் எந்த அளவு, எந்த இடம்? இது தெரியாமல் மருந்தைப் பாராட்டவும் முடியாது, திட்டவும் முடியாது. கல்லைப் பிடித்தீர்களா? வடிகட்டியில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்தால் என்ன வகை என்று தெரியும். யூரிக் அமிலக் கல் என்றால் பொட்டாசியம் சிட்ரேட் மாதிரி மருந்தால் சிறுநீரின் காரத்தன்மையைக் கூட்டி, டாக்டர் கண்காணிப்பில் நிஜமாகவே கரைக்கலாம். "கல்லைக் கரைக்கிறது" என்ற சொல் பொருந்தும் பெரிய இடம் இது ஒன்றுதான்.

கல் என்றதும் பால், தயிரை நிறுத்தினீர்களா? அதையும் ஒரு தடவை யோசியுங்கள். 2002ல் இத்தாலியில் 120 ஆண்களை அஞ்சு வருஷம் கவனித்தார்கள். கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்குக் கல் திரும்ப வந்தது. கால்சியத்தை வழக்கம்போல வைத்து, உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான் வந்தது. சாப்பாட்டில் வரும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்வதுதான் முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. குறைக்க வேண்டியது ஊறுகாய் ஜாடியை, தயிர்ச் சட்டியை இல்லை.

ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் இன்னொரு கேள்வி: ஸ்டென்ட் வைத்தார்களா, எடுத்துவிட்டீர்களா? குழாய் அடைக்காமல் இருக்க உள்ளே வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் அது. குறிப்பிட்ட நாளில் எடுத்தாக வேண்டும். வலி இல்லையே என்று விட்டுவிட்டால் அதன் மேலேயே கல் படியும். இங்கேயும் மாமாவின் அதே வாக்கியம்தான் ஆளைக் கெடுக்கிறது.

இதையெல்லாம் விட அவசரமான ஒன்று உண்டு. கல் வலியோடு குளிர் காய்ச்சல் வந்தாலோ, சிறுநீரே போகாமல் நின்றாலோ, ஒற்றைக் கிட்னிக்காரருக்குக் கல் வலி வந்தாலோ, ஒரு டம்ளர் எதையும் குடித்துப் பார்க்க நேரம் கிடையாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி. அடைப்புக்கு மேலே கிருமி சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

நான் வாழைத்தண்டு சொல்லி அனுப்பிய நண்பனுக்கு, மாமாவின் ரிப்போர்ட் வந்த ராத்திரியே போன் பண்ணினேன். "அந்தக் கல்லா? அது போயி ஒன்றரை வருஷமாச்சே" என்றான். ஸ்கேன் எடுத்தியா என்றேன். இல்லை என்றான். அந்த வாரமே கூட்டிக்கொண்டு போனேன். கல் இல்லை, வீக்கமும் இல்லை. அவனுக்கு நிஜமாகவே விழுந்திருந்தது. வெளியே வந்து, "பாத்தியா, வாழைத்தண்டு வேலை செஞ்சிருக்கு" என்றான். அவன் கல் 4 மி.மீ.

மாமா இன்றைக்கும் வாழைத்தண்டு சாப்பிடுகிறார். பொரியலாக, பாசிப்பருப்பு போட்டு. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நல்ல காய்தானே. ஒரு பாட்டில் தண்ணீரைக் கூடவே வைத்திருக்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவை வலது பக்கத்துக்கு ஸ்கேன். டீக்கடையில் யாராவது கல் என்று ஆரம்பித்தால் இப்போதும் மாமாதான் முதலில் பேசுகிறாராம். அத்தை சொன்னார், முதல் கேள்வியாக, "ரெண்டாவது ஸ்கேன் எடுத்தயா?" என்றுதான் கேட்கிறாராம்.